நான்காவது கோடு

தொப்பிமலைத் தோட்டத்து ஆபீசில் சின்னக் கிளாக்கராக இருந்த கணேசமூர்த்திக்குக் கணக்கென்றால் உயிர். அட்டனில் படித்த காலத்தில் அல்ஜிப்ராவில் அவனை மிஞ்ச ஆளில்லை. அப்படிப்பட்ட மூளையைத் தோட்டம் ஏழு வருஷமாகக் கொழுந்து நிறை கூட்டுவதற்கு வைத்திருந்தது. அந்தக் குறை அவன் மனசில் எப்போதும் உண்டு. அதனால்தான் 1963ஆம் வருஷம் மாசி மாதம் ஒரு காலையில் கொழுந்து எடுக்கிற நாகலெட்சுமி வந்து அப்படி ஒரு கேள்வியைக் கேட்டபோது, மற்றவர்களைப் போல "போய் வேலையைப் பாரும்மா" என்று விரட்டாமல் உள்ளே கூப்பிட்டான். விரட்டியிருந்தால் அவனுக்கு நல்லது. அவளுக்கும் நல்லதாக இருந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது.

வெளியே பனி மூட்டம், காலையில் ஆட்களைப் பேர் பதிகிற பெரட்டுக்களத்தை மூடிக் கிடந்தது. இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கிலிருந்து தண்ணீர் சொட்ட, அவள் வாசற்படியிலேயே நின்றாள்.

"ஐயா, எம் புள்ளைய எங்க பொதைச்சிருக்காங்கனு கண்டுபிடிச்சுக் குடுப்பீங்களா?"

பதினாலு வருஷத்துக்கு முந்திய சங்கதி அது. பதினொரு மாதப் பெண் குழந்தை, மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டது. பொதைக்கிற இடத்துக்குப் பெண்கள் போகிற வழக்கம் கிடையாது. புருஷன் நல்லமுத்து குழந்தையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போனான், வெறும் கையோடு வந்தான், குளித்தான். "நல்ல எடந்தான்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னான். அவளுக்கு மேற்கொண்டு கேட்கப் பயம். கேட்காமலே வருஷங்கள் போய்விட்டன. இடையில் தோட்டம் அந்தப் பக்கத்து மேட்டையெல்லாம் வெட்டித் திருத்திப் புதுத் தேயிலை போட்டது. அடையாளத்துக்கு நட்ட கல்லும் கம்பும் போன இடம் தெரியவில்லை. போன வருஷம் நல்லமுத்துவும் போய்ச் சேர்ந்தான். இப்போது இந்தியாவில் துறையூர்ப் பக்கத்திலிருந்து அவளுடைய அண்ணன், தனியாகக் கிடந்து சாகாதே, வந்துவிடு என்று எழுதியிருந்தான். பயணக் கடதாசியெல்லாம் சரியாகிவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் லொறி, பிறகு ரயில், தலைமன்னாரில் கப்பல்.

"ஒரு பிடி மண்ணுதாங்க வேணும். அத மடியில முடிஞ்சுகிட்டா அவளும் எங்கூட வந்துருவா. இல்லாட்டி லயத்துக்கு வந்து என்னத் தேடுவாங்க. அங்க வேற யாராச்சும் குடியிருப்பாங்க."

கணேசமூர்த்தி இதற்குச் சிரித்திருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பு வரவில்லை. மேசை லாச்சியிலிருந்து கட்டம் போட்ட தாள் ஒன்றை எடுத்தான். சுவரில் தொங்கிய தோட்டப் படத்தைப் பார்த்து, பத்துக் கஜத்துக்கு ஒரு கட்டம் என்று வைத்து, கார் ரோடு, ஓடை, சவுக்கு மர வரிசை, காளைப்பாறை எல்லாவற்றையும் குறித்தான். ஸ்டோர் என்று எல்லாரும் சொல்கிற தேயிலை ஆலையின் புகைபோக்கி, தாளின் கீழ் இடது மூலையில். அதுதான் சுழியம், சுழியம். அங்கிருந்துதான் எல்லா அளவும்.

"இங்க பாருங்கம்மா. புள்ளை இந்த எடத்துலதான்னு சொல்ல ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது. ஆனா எந்தப் பக்கத்துல இல்லைனு ஆளுக்கு ஒண்ணு தெரிஞ்சிருக்கும். ஒவ்வொருத்தர் சொல்றதும் ஒரு கோடு. கோட்டுக்கு ஒரு பக்கம் ஆகும், மறுபக்கம் ஆகாது. ஆகாத பக்கத்தப் பென்சில்ல தீட்டிருவேன். எல்லாரும் சொல்லி முடிச்ச பொறகு எது வெள்ளையா மிஞ்சுதோ, அதுக்குள்ளதான் இருக்கணும்."

இன்றைக்குப் பள்ளிக்கூடங்களில் சமனிலி என்று இதற்கு ஒரு பேர் வைத்திருக்கிறார்கள். நாகலெட்சுமிக்குப் பேர் வேண்டியிருக்கவில்லை, விஷயம் பிடிபட்டுவிட்டது.

"அப்ப மொதக் கோடு நானே சொல்லவாங்க? அவரு திரும்பி வந்தப்ப வேட்டி நனையல. ஓடையைத் தாண்டல."

கணேசமூர்த்தி நிமிர்ந்து பார்த்தான். பதினாலு வருஷமாக ஒரு வேட்டியின் ஓரத்தை மனசில் வைத்திருக்கிறாள். ஓடைக்குக் கோடு போட்டான். எந்தப் பக்கம் தீட்டுவது? அதற்கு வாத்தியார் சொல்லிக்கொடுத்த வழி ஒன்று உண்டு. சுழியம், சுழியத்தை எடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். புகைபோக்கி ஓடைக்கு இந்தப் பக்கம். ஆகவே புகைபோக்கி இருக்கிற பக்கம் ஆகும், அந்தப் பக்கம் ஆகாது. தாளின் வலது கரை முழுவதும் கறுத்தது.

மத்தியானம், குழந்தைக்குக் குழி வெட்டிய மாயாண்டியைக் கூப்பிட்டு விட்டான். கிழவனுக்குக் கண் பூத்துவிட்டது. எத்தனையோ குழி வெட்டினவன், ஒவ்வொன்றையும் எங்கே ஞாபகம் வைத்திருப்பான்? "கார் ரோட்டுக்குக் கீழதான் சாமி. அந்தக் காலத்துல ரோட்டுக்கு மேல பூராவும் காடு, நரி வரும். சின்னப் புள்ளையக் கொண்டு போயி நரிக்கா குடுப்போம்?" என்றான். ரோட்டின் மேலேயே யாரும் குழி வெட்ட மாட்டார்கள், ஆகவே அந்தக் கோட்டைக் கணக்கில் சேர்க்காமல் புள்ளிக்கோடாகப் போட்டான். மேற்பாதி கறுத்தது.

குழந்தையைப் பொதைத்த அன்றைக்கு ஆறாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த காளியாயி மூன்றாவது கோட்டைக் கொடுத்தாள். ஆண்கள் சவுக்கு மர வரிசையைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கியதைக் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தாளாம். புகைபோக்கி மரங்களுக்கு இந்தப் பக்கம். இந்தத் தடவை சுழியம் இருக்கிற பக்கமே செத்தது.

நாகலெட்சுமி ஒவ்வொரு சாயந்திரமும் வேலை முடிந்து வந்து தாளை எட்டிப் பார்த்தாள். கறுப்பு மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் இறங்கி வர வர, நடுவில் வெள்ளை சுருங்கிக்கொண்டே வந்தது. ஒரு நாள் சுண்டுவிரலை அந்த வெள்ளையில் வைத்தாள். விரலை எடுக்கவே மனசில்லை. "பக்கத்துல வந்துட்டேன் கண்ணு" என்று தாளிடம் சொன்னாள். கணேசமூர்த்திக்கு முதுகு சில்லென்றது. அதைவிடப் பெருமை அதிகம். தன் கணக்குக்கு இப்படி ஒரு வேலை வாய்த்ததே என்று இருந்தது.

ஆனால் வெள்ளை இன்னும் பெரிசு. ஒரு கூடை மண்ணையா கட்டிக்கொண்டு போவாள்? இன்னொரு ஆள் வேண்டும். அப்போதுதான் மாயாண்டிக்குப் புடவைக்கார ஜமால்தீனின் ஞாபகம் வந்தது. இப்போது டயகம கடை வீதியில் கடை வைத்திருக்கிறவர், அந்தக் காலத்தில் துணி மூட்டையைத் தோளில் போட்டு லயம் லயமாக வந்தவர். குழந்தையைச் சுற்ற வெள்ளைத் துணி அவர்தான் கிழித்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. கூடவே நடந்தும் போனார்.

புதன்கிழமை கணேசமூர்த்தி டயகமவுக்குப் போனான். ஜமால்தீன் தேத்தண்ணி வரவழைத்துக் கொடுத்தார்.

"மறக்க ஏலுமா கிளாக்கர்? நல்ல வெயில் அண்டைக்கு. நல்லமுத்துக்கு நான்தான் குடை பிடிச்சேன். அந்தாள் மண் தள்ளக்குள்ள எனக்குப் பார்க்க ஏலாமப் போச்சு. முகத்தத் திருப்பிக் கீழ ஸ்டோரையே பார்த்துக்கொண்டு நின்டேன். புகைபோக்கி தெரிஞ்சிச்சு, புகை வந்துக்கொண்டிருந்திச்சு. அதுக்கு இந்தப் பக்கம் அந்த மாடு படுத்த மாதிரிப் பாறை."

"எந்தப் பக்கம், ஜமால்தீன் நானா?"

ஜமால்தீன் கண்ணை மூடிக்கொண்டு, இல்லாத குடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தார். இடது கை. "குடை பிடிச்ச பக்கம். குடைக்குக் கீழால பாறையக் கண்டேன்."

பஸ்ஸில் திரும்பி வரும்போதே மடியில் தாளை விரித்து நான்காவது கோட்டைப் போட்டான். புகைபோக்கியிலிருந்து புறப்பட்டு, பாறையின் ஊடாக, மேலே மேலே போகிற கோடு. அந்தக் கோட்டின் மேல் நின்றால் பாறை புகைபோக்கியை நேராக மறைக்கும். ஒரு பக்கம் நகர்ந்தால் பாறை இடது கைக்குப் போகும், மறுபக்கம் நகர்ந்தால் வலது கைக்கு. கோடு வெள்ளையை இரண்டு துண்டாகப் பிளந்தது. கீழே பெரிய துண்டு, முழுக்கப் புதுத் தேயிலை. மேலே ரோட்டை ஒட்டிச் சின்ன முக்கோணம்.

வழக்கம்போலச் சுழியம், சுழியத்தை எடுத்தான். அது ஒன்றும் சொல்லவில்லை. கோடே அதன் மேல்தான் போகிறது, அது எந்தப் பக்கம் என்று எதைச் சொல்லும்? வேறு ஏதாவது ஒரு புள்ளி வேண்டும், எந்தப் புள்ளியானாலும் சரி, தெரிந்த இடமாக இருந்தால் சுலபம். அவனுக்கு நன்றாகத் தெரிந்த இடம் ஒன்று இருந்தது. தன்னுடைய குவாட்டர்ஸ்.

ஆறு வருஷத்துக்கு முன் தோட்டம் கட்டிய வீடு அது. கட்டம் எண்ணிப் புள்ளியை வைத்தான். ரோட்டுக்குக் கீழே, சரி. ஓடைக்கு இந்தப் பக்கம், சரி. மரவரிசைக்கு அந்தப் பக்கம், சரி. புள்ளி அந்தச் சின்ன முக்கோணத்துக்குள் விழுந்தது. உண்மையில் அந்த முக்கோணத்தில் வீட்டைத் தவிர வேறு எதுவுமே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமல் பின்னறைக்குப் போய் ஜன்னலைத் திறந்தான். வெளியே ஒரே பனி. காத்து நின்றான். காற்று ஒரு தரம் அசைந்தது, பனி கொஞ்சம் விலகியது. பள்ளத்தில் புகைபோக்கி. அதன் இடது பக்கத்தில், கையை நீட்டினால் குடைக்குக் கீழே வருகிற இடத்தில், காளைப்பாறை. பார்த்த மாத்திரத்தில் பனி மறுபடி மூடிக்கொண்டது.

"ஏங்க, இங்க என்ன பண்றீங்க?" மனைவி மீனம்மா இடுப்பில் கைக்குழந்தையோடு வாசலில் நின்றாள். அறைக்குள் கால் வைக்கவில்லை. "உங்களுக்கும் கேட்டுச்சா?"

"என்ன கேக்குது?"

"நான் சொன்னா வையிறீங்க. அந்தப் புள்ளை அழுவுறதுதான்."

இது இரண்டு மாதத்துக் கதை. பின்னறையில் இன்னொரு குழந்தை அழுகிறது என்று மீனம்மா சொன்ன முதல் நாள் அவன் காற்று என்றான், பிறகு பூனை என்றான், பிறகு பிரசவித்த உடம்பு, மருந்து வாங்குவோம் என்றான். அவளும் பிறகு சொல்வதை விட்டுவிட்டாள். ஆனால் மத்தியானத்தில் மூடிய கதவுக்கு வெளியே உட்கார்ந்து அவள் தாலாட்டுவதை அவன் ஒரு தரம் பார்த்திருக்கிறான். தன் குழந்தை அப்போது முன்னறையில் தூங்கிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு அவன் "காற்று" என்று சொல்லவில்லை. ஜன்னலைச் சாத்தினான்.

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? மீனம்மா அந்த நிமிஷமே குழந்தையைத் தூக்கிக்கொண்டு றொசல்லவில் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள், திரும்பி வரமாட்டாள். சிமெந்துத் தரையை உடைக்கத் தோட்டத்துத் துரையிடம் கேட்க வேண்டும். துரை சிரிப்பார், அல்லது வீட்டைப் பறிப்பார். இப்படி ஒவ்வொன்றாக அடுக்கினான். எல்லாம் சாக்குத்தான். அவனுக்குப் பயம், அவ்வளவுதான். தான் படுத்து எழும்புகிற தரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதை வாய்விட்டுச் சொல்லப் பயம்.

வியாழக்கிழமை ஆபீசில் உட்கார்ந்து மேல் முக்கோணத்தைத் தீட்டினான். ஈரம் கண்ட தாளில் பென்சில் வழுக்குமே, அப்படி அந்த இடத்தில் மட்டும் கரி பிடிக்கவில்லை. தாளின் மற்ற இடமெல்லாம் காய்ந்துதான் இருந்தது. அழுத்தி அழுத்தித் தீட்டினான், கடைசியில் தாள் கிழிகிற அளவுக்கு. கீழ்த் துண்டு வெள்ளையாக நின்றது.

"பாறை வலது பக்கம்னு ஜமால்தீன் முதலாளி சொன்னாரு" என்று நாகலெட்சுமியிடம் சொன்னான். குரல் தடுமாறவில்லை. பிற்பாடு அதை நினைத்துத்தான் அதிகம் வெட்கப்பட்டான்.

அவளைக் கூட்டிக்கொண்டு புதுத் தேயிலைக்குள் இறங்கினான். முட்டளவு செடிகள், வரிசை வரிசையாக. வெள்ளைத் துண்டின் நடுவில் ஒரு செடியைக் காட்டினான்.

"இங்கதானுங்களா?"

"இங்கதான்."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க சாமி."

"கணக்குப்படி இங்கதாம்மா."

அவள் உட்கார்ந்து செடியின் அடியில் கையை வைத்தாள். ஏதோ கேட்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு, "பதினாலு வருசமாச்சு. என்ன அவளுக்கு அடையாளம் தெரியல போலருக்கு. எனக்கும்தான் ஒண்ணும் தெரியல" என்று தன் மேலேயே குறை சொல்லிக்கொண்டாள். ஒரு பிடி மண்ணை மஞ்சள் துணியில் முடிந்து மடியில் செருகினாள். சட்டென்று குனிந்து கணேசமூர்த்தியின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவனால் காலைப் பின்னுக்கு இழுக்கக்கூட முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு லொறி கார் ரோட்டில், குவாட்டர்ஸுக்கு மேலேயே வந்து நின்றது. ஏற்கெனவே நாலைந்து குடும்பம் பெட்டி சட்டியோடு ஏறியிருந்தது. நாகலெட்சுமி மட்டும் இறங்கி வீட்டு வாசலுக்கு வந்தாள். சொல்லிக்கொண்டு போக வந்தாளாம். இவ்வளவு செய்த ஐயாவுக்குச் சொல்லாமல் போவதா?

மீனம்மா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். குழந்தை நல்ல தூக்கம். கணேசமூர்த்தி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

நாகலெட்சுமி வாயைத் திறந்தவள், பேச்சை விட்டுவிட்டு வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். "உள்ள புள்ளை அழுவுதுங்களே."

மீனம்மாவின் முகத்தில் இரத்தமே இல்லை. பிறகு அந்த முகத்தில் வந்தது பயமில்லை, ஆறுதல். இரண்டு மாதமாகத் தனக்குப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் அல்லவா?

"உங்களுக்குக் கேக்குதாக்கா?"

"எனக்கென்ன காதா செவுடு? பசிச்சு அழுவுது." நாகலெட்சுமி சேலையை மார்போடு இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "இந்த அழுகை என்னமோ பண்ணுது. மாரு கனக்குது எனக்கு, இந்த வயசுல. எத்தினி புள்ளைங்கம்மா ஒங்களுக்கு?"

மீனம்மா புருஷனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். நாகலெட்சுமி பிள்ளையைத் தேடுகிற சங்கதி தோட்டம் முழுக்கத் தெரியும். ஒரே ஒரு பார்வைதான், அவளுக்கு எல்லாம் புரிந்துபோயிற்று என்று அவனுக்கும் தெரிந்தது. புரிந்தும் அவள் சொல்லாமல் அவனுக்காகக் காத்து நின்றாள். சொல்ல வேண்டியவன் அவன்தான். இரண்டு வார்த்தை போதும்: இங்கதான் இருக்கா. லொறிக்காரன் ஹார்ன் அடித்தான். மறுபடி அடித்தான். கணேசமூர்த்தி வாய் திறக்கவில்லை.

"ரெண்டு" என்றாள் மீனம்மா.

"நல்லாருக்கட்டும்." நாகலெட்சுமி படியில் ஏறாமலே உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். தாய் தன் பிள்ளையிடம் பேசுகிற குரல்தான் அது, அவளுக்கே தெரியாமல் வந்துவிட்டது. "அழாத கண்ணு. ஒங்கம்மா இங்கதான் இருக்கா. எங்கயும் போயிற மாட்டா, என்ன? அம்மாகூடவே இருந்துக்க."

தலையைச் சாய்த்துக் கேட்டாள். சிரித்தாள். "பாத்தீங்களா, நிறுத்திட்டா."

மடியில் முடிந்த மண்ணை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டு மேலே ஏறிப் போனாள். யாரோ கை கொடுத்து அவளை லொறியில் தூக்கிவிட்டார்கள். பனிக்குள் லொறியின் பின்பக்கம் கொஞ்ச நேரம் தெரிந்தது, பிறகு சத்தம் மட்டும் கேட்டது, பிறகு அதுவும் இல்லை.

அப்போது பின்னறையில் அழுகை தொடங்கியது. கணேசமூர்த்தியின் காதில் அது விழுந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. காற்றுமில்லை, பூனையுமில்லை. பேச்சு வருகிற பருவத்துக் குழந்தை, ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொல்லி, ரோட்டுப் பக்கம் பார்த்து அழுதது.

மீனம்மா தூங்குகிற குழந்தையை அவன் கையில் கொடுத்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் தாலாட்டுவது வெளியே கேட்டது. அழுகை நிற்கவில்லை.